ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளை சொத்தைப் பல்லில் தோற்கக் கூடாது

நாகர்கோவிலில் நடந்த இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



ராணுவத்துக்குப் போகணும்னு ஆசைப்படுற பிள்ளைகள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. 2022-ல் வந்த அக்னிபத், நாலு வருஷ வேலை, அதில் நாலில் ஒருத்தருக்குத்தான் நிரந்தரம். அது சரியா தப்பா என்பதை வேறு மேடைகளில் பேசியிருக்கோம், இனியும் பேசுவோம். இன்றைக்கு உங்க உடம்பைப் பற்றி மட்டும் பேசுறேன்.

1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடி முடித்தால் 60 மதிப்பெண். கம்பியில் தொங்கி 10 தடவை உடம்பைத் தூக்கினால் 40. 9 அடிப் பள்ளத்தைத் தாண்டணும். இதுக்கெல்லாம் நீங்க பயிற்சி எடுக்குறீங்க. விடியக்காலை இருட்டில், கனிமவள லாரிகளுக்கு நடுவே, தார் ரோட்டில் ஓடுறதை நானே பார்த்திருக்கேன். பள்ளிக்கூட மைதானம் பூட்டிக் கிடக்கு, பிள்ளை ரோட்டில் ஓடுது!

இவ்வளவும் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்குப் போனா அங்கே திருப்பி அனுப்புறாங்க. எதுக்கு? சொத்தைப் பல். காதில் அழுக்கு, சவ்வில் ஓட்டை. மூலம். காலில் நரம்புச் சுருட்டல். விரைவீக்கம். இதில் பலதும் ஒரு வருஷம் முன்னாடியே பார்த்திருந்தா சரியாகியிருக்கும். ஆனா வீட்டில் சொல்ல வெட்கம். அம்மாகிட்ட சொல்ல முடியாது, அப்பா வெளிநாட்டில் அல்லது கடலில். மறைச்சு வச்சுக்கிட்டே ஓடுறான். ராணுவ டாக்டர் முன்னாடி எதையும் மறைக்க முடியாது மக்களே. அடுத்த ஆள்சேர்ப்பு வரும்போது வயசு தாண்டிப்போகும்.

முட்டி ஒட்டுறது, தட்டைப் பாதம், இதெல்லாம் மாத்திரையில் மாறாது. அதையும் பதினேழு வயசிலேயே தெரிஞ்சுக்கிட்டா, மூணு வருஷம் வீணாகாம வேற வேலைக்குப் படிக்கலாமே.

இன்னொன்று. ஜிம்மில் யாரோ கொடுக்குற ஊசியை நம்பாதீங்க. ஊக்கமருந்து எடுத்தவனை எடுக்க மாட்டோம்னு அறிவிப்பிலேயே போட்டிருக்கான். டப்பா பவுடருக்குக் கொடுக்குற காசில் சாளை மீனும் பயறும் முட்டையும் ஏத்தன் பழமும் வாங்கிச் சாப்பிடுங்க. மரச்சீனி மட்டும் தின்னா வயிறு நிறையும், தசை வைக்காது.

1741-ல் குளச்சலில் டச்சுக்காரனைத் தோற்கடிச்ச மண் இது. ஜெயிச்ச மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயையே வச்சுத் தன் படைக்குப் பயிற்சி கொடுத்தார். ஜெயிச்ச படைக்கே பயிற்சி தேவைப்பட்டது. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் ஒரு டாக்டரும் கொடுக்க அரசுக்கு என்ன தடை?

ஆகவே வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். ஒவ்வொரு தாலுகாவிலும் மாசம் ஒரு நாள், ராணுவத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவச முன்பரிசோதனை. பல், காது, கண், ரத்தம் எல்லாம். சிகிச்சை தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பணும். அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை நாலரை மணிக்கு விளக்குப் போட்டுத் திறக்கணும்.

கிளைச் செயலாளர்களே, உங்க ஊரில் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பிள்ளைகள் எத்தனை பேர்னு ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் கொடுங்க. மனுவோடு அதையும் சேர்த்து வைக்கணும்.