விலையும் நிறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இம்மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். யான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் பணி பார்ப்பவன். நிறை, தூரம், கட்டணம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு நாள் முழுதும் கணக்குப் போடுவதே என் தொழில். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே சிறிது பேச விழைகின்றேன். அது மளிகைக் கணக்கு. தமிழ் விழாவில் துவரம் பருப்புக்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. பருப்பு வேகாத வீட்டில் பாட்டு எப்படி எழும் என்று அவர்களை அன்போடு கேட்டுக்கொள்கின்றேன்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அது முதல் இவ்வூர்க் குடும்பங்களின் நிலை யாவரும் அறிந்ததே. விடியற்காலையில் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் வண்டி ஏறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்று, பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்பும் மக்கள் நாம். வருவாயைக் கூட்டுவது நம் கையில் இல்லை. செலவில் ஒரு பகுதி மட்டும் நம் கையில் இருக்கின்றது. அதிலும் வீட்டு வாடகையையோ பள்ளிக் கட்டணத்தையோ நாம் குறைக்க இயலாது. மளிகையில் மட்டுமே, உண்ணும் அளவைக் குறைக்காமலே செலவைக் குறைக்க வழி உண்டு. கடைக்குக் கடை, பொட்டலத்துக்குப் பொட்டலம், ஒரே பொருளின் விலை வேறுபடுவதே அவ்வழி.

நம் பாட்டிமார் காலத்தில் இவ்வொப்பீடு எளிதன்று. படி, உழக்கு, ஆழாக்கு என்று முகந்தளந்தார்கள். பலம், சேர், வீசை என்று நிறுத்தளந்தார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த ராத்தலும் கூடவே வழங்கிற்று. சேர் என்ற பெயர் ஒன்றே ஆயினும் அதன் நிறை ஊருக்கு ஊர் மாறிற்று. சென்னை வழக்கில் வீசை என்பது 120 தோலா. இன்றைய கணக்கில் 1 கிலோ 400 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. படியால் அளந்த அரிசியில் தலை தட்டியா, குவித்தா என்ற வழக்கு வேறு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1956-ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாக வந்த கிலோகிராம், 1962-க்குள் நாடெங்கும் கட்டாயமாயிற்று. அன்று அது பாமரருக்குத் தொல்லையாகத் தோன்றியிருக்கலாம். எனினும், எந்தக் கடையிலும் எந்த ஊரிலும் ஒரே அளவு என்ற நிலை நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

இப்பொழுதோ பழைய குழப்பம் புதிய சட்டை அணிந்து வந்திருக்கின்றது. கடை அலமாரியில் பாருங்கள். 200 கிராம், 450 கிராம், 500 கிராம், 850 மில்லிலிட்டர், 900 கிராம் என்று உறைகள் அணிவகுத்து நிற்கின்றன. தேயிலை, காப்பி, பிஸ்கட், சமையல் எண்ணெய், உப்பு, பருப்பு போன்ற சில பண்டங்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2021 நவம்பரில் வெளியான திருத்தம் அவ்விதியை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, ஒவ்வோர் உறையின்மேலும் அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை, அச்சிட வேண்டும் என்று பணித்தது. இரண்டொரு முறை தள்ளிவைக்கப்பட்ட பின்னர் இது நடைமுறைக்கு வந்துள்ளது. எத்தனை பேர் அந்தச் சிறிய எழுத்தைப் படித்திருக்கின்றீர்கள்? படித்தவர் கை தூக்குக என்று கேட்கமாட்டேன். அச்சு அவ்வளவு பொடி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-ஆம் ஆண்டின் ஆணைப்படியும், ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெருங்கடைகளிலும், அலகு விலையை வாங்குவோர் கண்ணில் படுமாறு கடைக்காரரே காட்டுகின்றார். கடை விற்கும் விலைக்கு உரிய கணக்கு அது. நம் நாட்டிலோ உறை அடைப்பவர் அச்சிடுகின்றார். அதுவும் உறைமேல் உள்ள அதிகபட்ச சில்லறை விலைக்கு உரிய கணக்கு. கடைக்காரர் ஐந்து ரூபாய் தள்ளி விற்றாரானால் அச்சிட்ட அலகு விலை பயன்படாது. அதிகபட்ச விலை என்பது இதற்குமேல் விற்கலாகாது என்ற எல்லையே அன்றி, இவ்விலைக்கே விற்க வேண்டும் என்ற கட்டளை அன்று.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த உறையில் கிராமுக்கு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்றும் அச்சிடுகின்றார்கள். சரியாக ஒரு கிலோ உறையாயின் விலையே அலகு விலை ஆதலால் தனியே அச்சிட வேண்டுவதில்லை. கிராம் கணக்கைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்குகின்றார்கள். கிலோ 178 ரூபாய் ஆகும் பருப்புக்கும் 0.18 என்றே அச்சாகும். கிலோ 182 ரூபாய் ஆகும் பருப்புக்கும் 0.18 என்றே அச்சாகும். இடையில் உள்ள நான்கு ரூபாய் புள்ளிக்குப் பின்னே மறைந்துவிடுகின்றது. ஆகவே அச்சை நம்பி மனக்கணக்கை விட்டுவிடலாகாது.

அம்மனக்கணக்கும் கடினமானதன்று. யாவற்றையும் ஒரு கிலோவுக்குக் கொண்டுவருக. 500 கிராம் ஆயின் இருமடங்கு. 250 ஆயின் நான்கு மடங்கு. 200 ஆயின் ஐந்து மடங்கு. 900 கிராம் என்று கண்டு மலைக்க வேண்டா. விலையில் ஒன்பதில் ஒரு பங்கை அதனோடு கூட்டுக. 153 ரூபாய் என்றால் 17 கூட்டி 170. 450 கிராமுக்கு 81 ரூபாய் என்றால் இரட்டித்து 162. ஒன்பதில் ஒரு பங்கு 18. ஆகக் கிலோ 180. (இவ்வுரையில் யான் சொல்லும் விலைகள் யாவும் விளக்கத்திற்காக அமைத்தவை; நாளை இவ்விலைக்குத் தருக என்று கடைக்காரரிடம் வழக்காட வேண்டா.)

புகைவண்டிக் கட்டணத்தில் தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கு உரிய வீதம் குறையும். அப்பழக்கத்தால் மக்கள் கடையிலும் பெரிய உறையே மலிவு என்று எண்ணிவிடுகின்றனர். பெரும்பாலும் அப்படியே, எப்பொழுதும் அப்படியன்று. 100 கிராம் தேயிலை 32 ரூபாய், 250 கிராம் 84 ரூபாய் என்று இருக்குமாயின் சிறியது கிலோ 320, பெரியது 336. ஷாம்பு விற்பனையில் இது இன்னும் வியப்பானது. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் அவர்கள் எளிய மக்களுக்கும் எட்ட வேண்டும் என்று சிற்றுறை வழியைக் காட்டினார். அவ்வழியே 1983-இல் அவர் மகனார் தொடங்கிய நிறுவனமும் வளர்ந்தது. அச்சிற்றுறைகள் பலவற்றில் ஒரு மில்லிலிட்டரின் விலை பெரிய புட்டியைவிடக் குறைவு. பிஸ்கட்டிலோ வேறு விதம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலை அசையாமல் நிற்க, உள்ளே நிறை மட்டும் ஓசையின்றி இறங்கிக்கொண்டே வரும். குழந்தைகள் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்; நாம் காணமாட்டோம்.

எண்ணெயில் தனிக் கவனம் வேண்டும். லிட்டர் வேறு, கிலோ வேறு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராமே நிற்கும். ஆகவே ஓரிடத்தில் லிட்டர் 182 ரூபாய்க்கும், செக்கில் கிலோ 195 ரூபாய்க்கும் கிடைக்குமானால் லிட்டரே மலிவு என்று தோன்றும். கணக்கிட்டால் அந்த லிட்டர் எண்ணெய் கிலோ 200 ஆகின்றது. இன்னுமொரு நுட்பம்: எண்ணெய் சூட்டில் விரியும். வெப்பநிலை உயர உயர அதே லிட்டரில் நிறை குறையும். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையைக் குறித்து அளவைக் காட்டி வந்தமையால், வெப்பநிலை குறிக்காமல் அளவோடு நிறையையும் அச்சிடுமாறு 2022-இல் மத்திய அரசு அறிவுறுத்திற்று.

அரிசி மூட்டைக்கும் அவ்வாண்டில் ஒரு மாற்றம் வந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உறையிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு நூற்றுக்கு ஐந்து வரி விதித்தார்கள். உடனே 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்தன! 25 கிலோ 1,400 ரூபாய் என்றும் 26 கிலோ 1,430 ரூபாய் என்றும் எழுதியிருந்தால் முன்னது 56, பின்னது 55. தொகையைப் பார்ப்பவர் 1,400-ஐ எடுப்பார். கிலோவைப் பார்ப்பவர் 1,430-ஐ எடுப்பார்.

கிலோ விலை குறைந்தது என்பதற்காகவே எதையும் வாங்கிவிடலாகாது என்று தாய்மார்கள் கூறுவது என் செவியில் விழுகின்றது. உண்மைதான். கல்லும் தூசியும் கலந்த பருப்பில் புடைத்தபின் எஞ்சுவதே பருப்பு. வேக நேரம் பிடிக்கும் பழம்பருப்பு எரிவாயுவைத் தின்னும். பழைய அரிசி பானையில் பெருகும், புத்தரிசி குழையும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அதேபோல் போக்குவரத்தையும் கூட்ட வேண்டும். பெங்களூருக்கு மாதச் சீட்டில் செல்பவர்க்கு வண்டிச் செலவு தனியே இல்லை. ஆயினும் பெருஞ்சந்தைக்கு ஆட்டோவில் சென்று, மூன்று கிலோ பருப்பில் 36 ரூபாய் மீத்து, ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுப்பாரானால், அவர் மீத்தது என்ன? நான்கு குடும்பத்தார் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் கணக்கு மாறும்.

இனி யான் இவ்வளவு நேரம் சுற்றி வந்த இடத்திற்கு வருகின்றேன். இவ்வொப்பீடு யாவும் கையில் காசு உள்ளவர்க்கே. கடன் நோட்டில் எழுதி வாங்குபவர், அந்த ஒரு கடையில், அவர் சொல்லும் விலையில், அவர் தரும் பண்டத்தையே வாங்க வேண்டும். ரொக்கத்துக்கு 160 ரூபாய் ஆகும் பருப்பு நோட்டில் 175 என்று ஏறுமாயின், மாதத் தொடக்கத்தில் வாங்கி மாத இறுதியில் தீர்ப்பவர் ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் வட்டி கொடுக்கின்றார். ஆண்டுக்கு அன்று, ஒரு மாதத்துக்கு! கந்துவட்டி என்று நாம் ஏசுவதும் பல சமயம் இதனினும் குறைவு. வட்டி என்ற பெயர் இல்லாமையால் இது நமக்கு உறைப்பதில்லை.

கடைக்காரரைப் பழிப்பது என் நோக்கம் அன்று. சுரங்கம் மூடிய நாட்களில், சம்பளம் நின்று, சேர வேண்டிய தொகையும் கைக்கு வாராதிருந்தபோது, இங்குப் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டுகளினால்தான். என் வீடும் அவற்றுள் ஒன்று. திரும்பாத கடனை எழுதித் தள்ளிய கடைக்காரர்களும் உண்டு. அவர் வைக்கும் அதிக விலையில் அந்த நட்டமும் அடங்கியிருக்கின்றது. ஆனால் அன்று உயிர் காத்த வழக்கம், இன்று வருவாய் உள்ளவர் வீட்டிலும் விடாமல் தொடர்கின்றது. அதுதான் என் கவலை.

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் கூடி ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். கலப்படமற்ற பண்டம், சரியான நிறை, ரொக்க வாணிகம் ஆகியவற்றைத் தம் கொள்கையாகக் கொண்டனர். கடன் கிடையாது என்பது வறியோர்க்குக் கொடுமை போலத் தோன்றும். வறியோரே தமக்கு விதித்துக்கொண்ட விதி அது. அவ்வழியைப் பின்பற்றி 1904-இல் திருவல்லிக்கேணியில் பதினால்வர் கூடித் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் சென்னையில் பெரிதாய் வளர்ந்தது. நம் சங்கம் கடை வைக்க வேண்டும் என்று யான் கூறவில்லை. அதற்கு முதலும் ஆளும் வேண்டும்; நிர்வாகக் குழுவில் இப்பொழுதே உள்ள வாதங்கள் போதும்.

நோட்டிலிருந்து ஒரே நாளில் வெளிவர இயலாது. ஒரு பண்டத்தில் தொடங்கலாம். இம்மாதம் எண்ணெயை மட்டும் ரொக்கமாக, விலை ஒப்பிட்டு வாங்குக. மீதியை நோட்டிலேயே வாங்குக. எண்ணெயில் மீந்த தொகையைக் கொண்டு மறு மாதம் பருப்பையும் நோட்டிலிருந்து விலக்குக. அரிசியை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். அன்னபாக்கிய அரிசி பல வீடுகளில் அப்பாரத்தை ஓரளவு தாங்குகின்றது. 2023 ஜூலை முதல் சில காலம் கர்நாடக அரசு, கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்கு ஈடாகக் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் கொடுத்தது. அப்பணத்துக்குக் கடையில் ஐந்து கிலோ கிடைக்கின்றதா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள் அல்லவா? அக்கேள்விதான் இவ்வுரை முழுவதும்.

சங்கத்தினிடம் என் வேண்டுகோள் ஒன்றே. சங்கக் கட்டிடத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை மாட்டுக. அரிசி, துவரை, உளுந்து, கடலை எண்ணெய், சர்க்கரை, புளி, மிளகாய், தேயிலை, சலவைச் சோப்பு ஆகிய ஒன்பது பண்டங்கள் போதும். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒவ்வொன்றுக்கும் கிலோ கணக்கில் மூன்று விலைகளை எழுதுக: நம் தெருக்கடை, ராபர்ட்சன்பேட்டைச் சந்தை, பெங்களூர். ராபர்ட்சன்பேட்டை விலையைத் தாய்மார்கள் கொண்டுவரட்டும். பெங்களூர் விலையை நாள்தோறும் வண்டியில் செல்லும் இளைஞர்கள் குறித்து வரட்டும். கடைகளின் பெயரை எழுத வேண்டா என்பது என் கருத்து. எழுதினால் பகை வளரும். பெயர் இல்லாமற் போனால் பயன் குறையும் என்று நம் செயலாளர் கூறுகின்றார். அதனைக் குழு கூடி முடிவு செய்யட்டும். பலகையும் சுண்ணக்கட்டியும் யான் வாங்கித் தருகின்றேன். வரும் முதல் ஞாயிறன்று எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் மட்டும் வேண்டும்.