இல்லத்து வானலைக்கும் தாழ்ப்பாள் வேண்டும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வட்டார வளர்ச்சி அலுவலன் வருவது வழக்கம். இன்று வேறொரு பொருளைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் என்று அது இன்று வழங்குகிறது. நம் இல்லங்கள் பலவற்றிலும் ரூட்டர் என்னும் சிறு பெட்டி இடம் பெற்றுவிட்டது. பிள்ளைகளின் பாடமும், குழுவின் கணக்கும், வங்கி வரவு செலவும் அதன் வழியே நடைபெறுகின்றன.

வாய்க்கால் நீரை வரப்பு தடுக்கும். வைஃபை என்னும் வானலையை வீட்டுச் சுவர் முற்றிலும் தடுப்பதில்லை. தெருவில் நிற்பவருக்கும் அது எட்டும்.

“களவு போக என் வீட்டில் என்ன இருக்கிறது, ஐயா?” என்று ஒரு பெரியவர் என்னை வினவினார். களவு போவது பொருள் மட்டும் அன்று, நற்பெயரும் போகலாம். 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஆமதாபாத் நகரில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீசார் அதன் தடத்தைத் தொடர்ந்தபோது, அது நவி மும்பையில் ஒரு வீட்டிற்கு இட்டுச் சென்றது. அவ்வீட்டின் காப்பற்ற வைஃபையை அயலார் பயன்படுத்திவிட்டனர். குற்றமற்றவர் விசாரணைக்கு உள்ளானார்.

இதனைக் கூறும் நானும் தவறு செய்தவனே. என் கைபேசி எண்ணையே வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லாக வைத்திருந்தேன். அந்த எண்ணோ, அலுவலக அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காண எழுதப்பட்டிருந்தது! அடுத்த வீட்டு மாணவன் சுட்டிக்காட்டியபோது வெட்கமுற்றேன், அன்றே மாற்றினேன்.

நாம் செய்ய வேண்டுவன ஐந்து.

முதலாவது, ரூட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கென ஒரு தனிக் கடவுச்சொல் உண்டு. பெட்டியுடன் வந்த அச்சொல் பலருக்கும் தெரிந்ததாக இருக்கக்கூடும், அதனை மாற்றுக.

இரண்டாவது, பூட்டின் வகை. 1997-இல் வந்த டபிள்யூஈபி முறை பலவீனமானது என்பது 2001-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 முறையைத் தெரிவு செய்க. பெட்டியில் அது இல்லையேல், 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 முறையைக் கொள்க.

மூன்றாவது, வைஃபையின் கடவுச்சொல் நீளமாக இருத்தல் வேண்டும். டபிள்யூபிஏ2 முறையில், கருவி இணையும் வேளையில் பரிமாறப்படும் குறிகளைத் தெருவிலிருந்தே பிடித்துச் சென்று, பின்னர்த் தம் கணினியில் எண்ணற்ற சொற்களை ஓயாது பொருத்திப் பார்ப்பர். பெயரும், பிறந்த நாளும், கைபேசி எண்ணும் விரைவில் அகப்பட்டுவிடும். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்தால், நமக்கு நினைவில் நிற்கும். பிறர்க்கு எளிதில் எட்டாது.

நான்காவது, டபிள்யூபிஎஸ் என்னும் வசதியை அணைத்துவிடுக. அதன் எட்டு இலக்க எண்ணைச் சில மணி நேரத்திலேயே கண்டறிய இயலும் என்பது 2011-இல் வெளியாயிற்று.

ஐந்தாவது, ரூட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வருக. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அதனாலேயே அடைபடுகின்றன.

விருந்தினர்க்கு இல்லை என்று கூறுவது நம் மரபன்று. விருந்தினர்க்கெனத் தனி இணைப்பு வைக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. திண்ணையை விருந்தினர்க்குத் தந்து, உள்ளறையை நாம் வைத்துக்கொள்வது போன்றது அது.

சகோதரிகளே! இவை அனைத்திற்கும் அரை மணி நேரம் போதும். தம்பிடிச் செலவு இல்லை. எழுத்தறியாத முதியோர் இல்லங்களில், குழுவுக்கு ஒருவர் முன்வந்து இதனைச் செய்து கொடுக்க வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்தில் எத்தனை இல்லங்கள் முடிந்தன என்று கேட்பேன். நிறைவான விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.