கவாலா: வந்தோர் வளர்த்த துறைமுகம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் பழைய நூல்கள் யவனர் எனக் குறிப்பிடுவோரில் கிரேக்கரும் உளர் என்பதை அறிவீர்கள். அக்கிரேக்க நாட்டுத் துறைமுகப் பட்டினம் ஒன்றைப் பற்றி இன்று சில கூற விழைகிறேன். ஏதென்ஸ் நகருக்குரிய பெரும்புகழ் அதற்கு இல்லை. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் குடியேறி வாழும் நம்மனோர் கேட்டுப் பயனுறத்தக்க செய்தி அவ்வூரில் உண்டு. அதன் பெயர் கவாலா.

கிரேக்கத்தின் வடபால், ஏஜியன் கடலை நோக்கிச் சரியும் மலையடிவாரத்தில் படிப்படியாக வீடுகள் எழுந்து நிற்க, கீழே வளைந்த துறையில் மீன்படகுகளும் கப்பல்களும் தங்கும் அழகிய ஊர் அது. எதிரே உள்ள தாசோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் இங்கே குடியேறி, இவ்விடத்திற்கு நெயாபொலிஸ், அதாவது புதூர், எனப் பெயரிட்டனர். ஆகவே தோற்றத்திலேயே இது வந்தேறியோர் அமைத்த ஊர்.

கடலுள் நீண்டு நிற்கும் பனகியா என்னும் குன்றின் மேல் பழைய கோட்டை உள்ளது. குன்றில் வாழ்ந்தோருக்கு மலையிலிருந்து நீர் கொணர்ந்த உயர்கால்வாய் ஒன்று, ஊரின் நடுவே 60 வளைவுகள் கொண்டு இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. அதன் இன்றைய வடிவம் பதினாறாம் நூற்றாண்டில், துருக்கியச் சுல்தான் சுலைமான் காலத்தில் அமைந்தது. இதே குன்றில்தான் 1769-இல் முகம்மது அலி பிறந்தார். கவாலாவில் பிறந்த அவர் 1805-இல் எகிப்தின் ஆளுநரானார். அவர் வழியினர் 1953 வரை அந்நாட்டில் அரசு செலுத்தினர். அயல்நாட்டில் உயர்ந்த பின்னும் அவர் பிறந்த ஊரை மறந்தாரல்லர். கல்வி பயில்வோருக்கு இடமும் ஏழைகளுக்கு உணவும் அளிக்கும் இமாரெத் என்னும் அறச்சாலையை இங்கே எழுப்பினார். அக்கட்டடம் இப்பொழுது பயணியர் தங்கும் விடுதியாக உள்ளது. அவர் பிறந்த இல்லத்தையும் காணலாம்.

ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் பிலிப்பி நகரின் இடிபாடுகள் உள்ளன. அலெக்சாந்தரின் தந்தையாகிய பிலிப் மன்னன் கி.மு. 356-இல் கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டிய நகர் அது. சீசரைக் கொன்ற புரூட்டசும் காசியசும் கி.மு. 42-இல் அந்தோணி, ஒக்டேவியன் ஆகியோரின் படைகளிடம் தோற்று மடிந்த களமும் அதுவே. ஏறத்தாழ கி.பி. 50-இல் தூய பவுல் நெயாபொலிஸ் துறையில் இறங்கி, பிலிப்பி சென்று சமயம் பரப்பினார். 2016-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. வெண்பளிங்கிற்குப் பெயர்பெற்ற தாசோஸ் தீவிற்குக் கவாலாவிலிருந்தே படகு ஏறிச் செல்லலாம்.

அன்பர்களே, இவை காட்சிச் சிறப்புகள். இனி மக்களின் கதையைக் கேளுங்கள்.

பல நூற்றாண்டு துருக்கியர் ஆட்சியில் இருந்த கவாலா, 1913-இல் கிரேக்கத்தோடு இணைந்தது. 1923 சனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்து தத்தம் குடிமக்களை மாற்றிக்கொண்டன. பன்னிரண்டு இலட்சம் அளவிலான கிறித்தவர் கிரேக்கத்தை அடைந்தனர். ஏறக்குறைய நான்கு இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தை விட்டு நீங்கினர். போனோர்க்கும் வந்தோர்க்கும் துயர் ஒன்றே. இவர் இனி எந்நாட்டார் என்பதை மொழியோ விருப்போ தீர்மானிக்கவில்லை. சமயம் ஒன்றே தீர்மானித்தது.

1928-இல் கவாலாவின் மக்கள்தொகை சுமார் 50,000. அதில் பாதிக்கு மேற்பட்டோர் அகதிகள். அவர்களுக்குச் சோறு அளித்தது புகையிலை. சுற்றுப்புற வயல்களில் விளையும் மணமிக்க சிற்றிலைப் புகையிலையைக் கையால் தரம்பிரித்துப் பொதிகட்டிக் கப்பலேற்றும் பண்டகசாலைகளில் ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். இன்று அத்தொழில் ஒடுங்கிவிட்டது. அதன் வரலாற்றை ஊரிலுள்ள புகையிலை அருங்காட்சியகம் காத்துவருகிறது.

அங்ஙனம் வந்தோருள் சின்ன ஆசியாவின் கப்பதோக்கியாப் பகுதியிலிருந்த கெல்வெரி என்னும் ஊரினர் கவாலாவுக்குக் கிழக்கே குடியமர்ந்தனர். அவர்கள் பேசிய மொழி துருக்கி. கிரேக்கர் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்க்குக் கிரேக்கம் தெரியாது! இத்தகைய அகதிகளை, முன்பே அங்கிருந்தோர் சிலர் ‘துருக்கி வித்து’ என்று ஏசினர். வேற்றூரில் வாழ்ந்தோர்க்கு இத்தகைய ஏச்சு புதிதன்று.

அவர்கள் கொணர்ந்தவை யாவை? தம் ஊர்ப்பெயரைக் கொணர்ந்தனர். புதிய குடியிருப்பு நெயா கர்வாலி, அதாவது புதிய கர்வாலி, ஆயிற்று. தாம் வழிபட்ட தூய கிரகோரியாரின் திருவெச்சங்களைக் கொணர்ந்து கோயில் எடுத்தனர். வெண்ணெயும் வாதுமையும் சேர்த்துச் சுட்டுச் சர்க்கரைப் பொடி தூவும் குராபியே என்னும் பண்டத்தின் பக்குவத்தையும் கொணர்ந்தனர். நாம் கடையில் வாங்கும் நான்கட்டாய்க்கு அதனை உறவினம் எனலாம். இன்று கவாலா செல்வோர் நெயா கர்வாலியின் குராபியேயை வாங்காமல் திரும்புவது அரிது. ஏச்சுக் கேட்ட மக்களின் கைப்பண்டமே அவ்வட்டாரத்தின் பெருமை ஆயிற்று.

ஆனால் அப்பட்டினம் வந்தோர் அனைவரையும் காக்க இயலவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில், பல்கேரியர் ஆட்சியின் கீழ், 1943 மார்ச்சில் அவ்வூர் யூதர் 1,400-க்கும் மேற்பட்டோர் ஓரிரவில் பிடிக்கப்பட்டுக் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர்.

நம் நிலை அம்மக்களின் நிலையன்று. எவரும் நம்மைத் துரத்தவில்லை. விடுமுறைக்கு இரயிலேறினால் ஊர் போய்ச் சேரலாம். எனினும் ஓர் உண்மையை அவர்களிடமிருந்து நாம் கொள்ளலாம். ஊரின் பெயரும் வழிபாடும் உணவும் கடல் கடந்தும் உடன்வரும். மொழியோ வீட்டில் நாள்தோறும் பேசினால்தான் பேரர்வரை வரும். இனி ஒன்று: நமக்குப் பின்னர் இக்குடியிருப்புக்கு வேற்றூரிலிருந்து வந்து, புதிய மொழி பேசி, புதிய பண்டம் சமைக்கும் குடும்பத்தார் கதவைத் தட்டும்போது, நாம் முன்வந்தோர் என்னும் செருக்கின்றித் திறப்போமாக.