மலையே சிவமாய் நின்ற மாண்பு



ஏனைய தலங்களில் மலைமேல் இறைவன் எழுந்தருளியிருப்பான். திருவண்ணாமலையிலோ மலையே இறைவன். ஐம்பூதத் தலங்களுள் இது தேயுத்தலம். அடிமுடி தேடிய அயனும் மாலும் செருக்கு ஒழிந்து நின்ற இடம் இதுவே எனப் புராணம் கூறும். அந்த அழற்பிழம்பு கிருத யுகத்தில் நெருப்பாகவும், பின்னர் மாணிக்கமாகவும், பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் நின்றது என்பர். ஏன் கல்லானான்? நெருப்பை யார் நெருங்கவல்லார்? நாம் வலம் வந்து வணங்கும் பொருட்டன்றோ தன் வெம்மையை உள்ளடக்கிக் குளிர்ந்து நின்றான்! அது வீழ்ச்சியன்று, கருணை.

ஏறத்தாழ 2,668 அடி உயர்ந்த இம்மலை, மிகப் பழைய பாறை வகைகளால் ஆயது என்பர் நிலவியலார். இதன் குகைகளும் சுனைகளும் அருளாளர் பலருக்கு உறைவிடமாயின. 1896-இல் பதினாறு வயதில் இங்கு வந்த இரமணர் 1950-இல் சித்தியடையும் வரை இம்மலையை விட்டு அகலவேயில்லை.

ஆயினும், அன்பர்களே, நாம் என் செய்தோம்? விறகுக்காக மரங்களை வெட்டினோம், காட்டுத்தீக்கு இரையாக்கினோம், மலை மொட்டையாயிற்று. 1980-களின் இறுதியிலிருந்து அன்பர் பலர் கன்றுகள் நட்டு, நீர் சுமந்து ஊற்றி, மீண்டும் பசுமை காணச் செய்தனர். அதுவும் சிவத்தொண்டே.

2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாய் இறங்கி, அடிவாரத்து இல்லமொன்றில் இருந்த எழுவரைப் புதைத்தது. அவருள் ஐவர் சிறார். அவ்வாண்டுத் தீபத்திற்கு மலையேற அடியார்க்கு இசைவு அளிக்கப்படவில்லை. இதனை இறைவன் சினம் என்று கூற நா எழவில்லை. அச்சிறார் செய்த பிழை யாது? மழை பெரிது, சரிவோரம் வீடு கட்டி வாழும் நிலையில் மக்களை விட்ட நம் பொறுப்பின்மையும் சிறிதன்று. ஆண்டவன் மீது பழி போடுதல் எளிது. நம் கடனை எண்ணுதலே அரிது.

பதினான்கு கிலோமீட்டர் வலம் வருகின்றோம். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டிடத்தும் கைகூப்புகின்றோம். வழிநெடுக எச்சில் இலையையும் நெகிழிப் பையையும் எறிந்து செல்வது இலிங்கத் திருமேனியின்மீது எறிவதாகாதோ? கருவறையில் செய்யத் துணியாததை மலையடியில் செய்யலாமோ?

கார்த்திகைத் தீபம் உச்சியில் ஒளிரும்போது உள்ளத்து இருளும் அகல வேண்டும். அடுத்த முறை வலம் வருங்கால் ஒரு குப்பையேனும் குனிந்து எடுங்கள். அக்குனிவும் அண்ணாமலையானுக்குச் செய்யும் வணக்கமே.

திருச்சிற்றம்பலம்.