பேத்தி செய்த வாழ்த்துப் பெட்டி



பொங்கல் நெருங்கிவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களுக்கு இன்று ஒரு வேலை சொல்லப் போகிறேன். ஒரு பெட்டி செய்கிற வேலை. ஒரு சாயங்காலம் போதும்.

போன வருஷம் பிப்ரவரியில், அமெரிக்காவில் படிக்கிற எங்கள் உறவுப் பையன் ஒருவனின் படம் வந்தது. மடியில் ஒரு செருப்புப் பெட்டி. சுற்றிலும் சிவப்புத் தாள், மூடியில் நீளமாக ஒரு திறப்பு. காதலர் தினம் என்று நாம் சொல்கிற பிப்ரவரி 14-ஐ அங்கே சின்னப் பிள்ளைகள் பள்ளியில் நட்புக்கான நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே பெட்டி செய்து கொண்டு போவார்களாம். கூடப் படிக்கிறவர்கள் அதில் வாழ்த்து அட்டை போடுவார்களாம். கொடுப்பதென்றால் வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று பல பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளையும் வெறும் பெட்டியோடு வீடு திரும்பக் கூடாது. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

என் பேத்திக்கு ஆறு வயது. படத்தைப் பார்த்ததும், "ஆயா, எனக்கும் ஒரு பெட்டி வேணும்" என்றாள். "செய்யலாம் கண்ணு. நமக்கு அட்டை வர்றது பொங்கலுக்குத்தான்" என்றேன். "பொங்கலுக்கு அட்டை வருமா?" என்று கேட்டாளே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை.

நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். மார்கழி பாதி போவதற்குள் கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும், ஜோடி மாடு, முருகன், பிள்ளையார், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று விதவிதமாக இருக்கும். மாமாவுக்கு எது, டீச்சருக்கு எது என்று பார்த்துப் பார்த்து எடுப்போம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் ஓடுவோம். யார் வீட்டுக்கு எத்தனை வந்தது என்று எண்ணுவோம். இப்போது வாழ்த்து போனில் வருகிறது. வந்ததை அப்படியே நாற்பது பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அதில் எழுதினவர் கையெழுத்து இல்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். எங்கள் ஊர் காஞ்சிபுரம். பட்டுப்புடவை வைக்கிற அட்டைப் பெட்டிக்கு இங்கே பஞ்சமில்லை. பரணிலிருந்து ஒன்று எடுத்தோம். இரண்டு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தணலில் கிளறினேன். பசை ஆறும்வரை அவள் சிவப்புத் தாளைக் கிழித்தாள். கத்தரித்து ஒட்டுவதைவிடக் கிழித்து ஒட்டுவது சின்னக் கைக்குச் சுலபம். ஓரம் பொருந்தவில்லையே என்ற கவலையும் இல்லை.

பரணில் இன்னொன்றும் கிடைத்தது. பழைய ஜக்கார்டு அட்டை, ஒரு கட்டு. நெசவாளர் வீட்டில் அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 1804-ல் பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் வடிவமைத்த பொறியில் ஓடுகிற அட்டை அது. பொறியைத் தறிக்கு மேலே பொருத்தியிருப்பார்கள். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசையாகச் சுற்றி வந்தால்தான் புடவையில் ஒரு மயிலோ யாளியோ முழுசாக எழும். இதைச் சொன்னதும் பேத்தி ஓர் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு, பெட்டியின் பக்கவாட்டில் சன்னல் வெட்டி அந்த அட்டையை அதில் ஒட்டச் சொன்னாள். உள்ளே எத்தனை வாழ்த்து விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாமாம். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

மூடியைச் சுற்றி ஒட்ட ஒரு முழம் பழைய சரிகை கொடுத்தேன். நகத்தால் சுரண்டிவிட்டு, "உள்ளே சிவப்பு நூல் இருக்கு ஆயா!" என்று கத்தினாள். ஆமாம். சிவப்புப் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது சரிகை. கல்யாணப் புடவையில் எல்லாரும் பார்ப்பது தங்கத்தை. அதைத் தாங்கியிருக்கிறது உள்ளே இருக்கிற நூல்.

கடைசியாக, திறப்பு. அஞ்சலட்டை 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். அதனால் திறப்பு 16 சென்டிமீட்டர் நீளமும் ஒரு விரல்கடை அகலமும் இருக்கட்டும். கோடு போடுவது பிள்ளை, வெட்டுவது பெரியவர். கத்தியைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. பேத்தி கோடு போட்டாள். அது வடக்கே தொடங்கித் தெற்கே சரிந்தது. நான் ஸ்கேலை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது நான் போட்ட கோடு ஆயா."

நேயர்களே, அந்த இடத்தில் எனக்கு என் ஏழு வயது நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிணைப்பதைக் கோர்வை என்போம். நெசவாளர் ஒரு பக்கம் உட்கார, மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கையாக இருந்த காலம் அது. என் கையும் அப்படித்தான் இருந்தது. ஓர் இழை தவறினால் பிரித்து மறுபடி நெய்ய வேண்டும், திட்டும் விழும். கோணல் என்றால் குற்றம் என்று என் விரல்கள் கற்றது அங்கேதான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் வந்தது. எத்தனையோ பேர் பாடுபட்டுத்தான் பிள்ளைகளின் கை தறியிலிருந்து விடுபட்டது. விடுபட்ட அந்தக் கை தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போடுகிறது. அதைத் திருத்த நான் யார்? ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, அவள் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினேன்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் இரண்டு விதிகள் வையுங்கள். வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் எழுத வேண்டும். பால் கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று வெளியே இருவருக்காவது எழுத வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை வரையட்டும். இரண்டாவது விதி, காணும் பொங்கல் வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. "அவ்வளவு நாளா?" என்று பேத்தி முகம் சுருங்கியது. அத்திவரதரைச் சொன்னேன். எங்கள் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கிறவர், 1979-க்குப் பிறகு 2019-ல்தான் வெளியே வந்தார். நாற்பது வருஷம் காத்திருந்த ஊர் இது. இரண்டு வாரம் நாம் காத்திருக்க மாட்டோமா?

பெட்டி இப்போது எங்கள் திண்ணையில் இருக்கிறது. முதல் அட்டையை நேற்று ராத்திரி நான் எழுதினேன், பேத்திக்கு. நேராகப் போட்டால் திறப்பில் இடிக்கிறது. அவள் கோட்டின் சாய்வுக்கு அட்டையையும் கொஞ்சம் சாய்த்தேன். சுலபமாக உள்ளே போய்விட்டது.