ரூபாய் விழுந்தால் மானம் போகுமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் டாலர் விலையைப் பற்றி நடந்த சண்டையை எல்லோரும் படித்திருப்பீர்கள். "ரூபாய் விழுந்துவிட்டது, நாட்டின் மானமே போயிற்று" என்றார் ஒருவர். "நல்லதுதான், ஏற்றுமதி பெருகும்" என்றார் இன்னொருவர். "பையன் அமெரிக்காவிலிருந்து இப்போது பணம் அனுப்பட்டுமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டுமா?" என்று மூன்றாமவர் கேட்டார். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. "சார், நீங்கள்தான் பேங்க்கில் ஃபாரெக்ஸ் பிரிவில் இருந்தீர்களே, வந்து பேசுங்கள்" என்றார் செயலாளர். நான் பொருளாதார மேதை அல்ல. பி.காம். படித்த கிளார்க். எது பற்று, எது வரவு என்று தெரியும். அந்த அளவில்தான் பேசப் போகிறேன்.

மானம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். டாலரின் விலை என்பது கத்தரிக்காய் விலை மாதிரி ஒரு விலை. எண்ணெய் வாங்க, மிஷின் வாங்க, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்ட எத்தனை பேருக்கு டாலர் வேண்டும், ஏற்றுமதி செய்தோ வெளிநாட்டில் உழைத்தோ எத்தனை பேர் டாலர் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதைக் கௌரவப் பிரச்சினையாக்கும் பழக்கம் 1966-லிருந்தே நமக்கு உண்டு. அந்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி டாலரின் விலை 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசாவாக மாற்றப்பட்டது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கே அதில் உடன்பாடில்லை. அதற்குப் பிறகு 'மதிப்புக் குறைப்பு' என்றாலே அரசியல்வாதிகள் நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்கள்.

இனி 1991. அப்போது எனக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. ஃபாரெக்ஸ் பிரிவில் டெலக்ஸ் மிஷினுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. இன்றுபோல் நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறாது. ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் விலைதான் விலை. அதை வைத்துக் கணக்கிட்டு வரும் ரேட்டைக் காலையில் போர்டில் எழுதிவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. குவைத்தில் வேலை செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்களை விமானம் வைத்து அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்கள் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த பணமும் நின்றது. நெருக்கடிக்குக் காரணம் இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. எண்ணெய் விலை எல்லா நாட்டுக்கும்தான் ஏறியது. நமக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டியது?

ஒரு அபார்ட்மென்ட் கமிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் (நம் கமிட்டி அல்ல, வேறு ஏதோ ஒரு கமிட்டி). பத்து வருஷமாக மெயின்டனன்ஸ் தொகையை ஏற்றவில்லை. எல்லோரிடமும் நல்ல பேர். ஆனால் வாட்ச்மேன் சம்பளம் ஏறுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது. துண்டு விழுவதைக் கார்ப்பஸ் ஃபண்டிலிருந்து எடுக்கிறார்கள், போதாததற்குக் கைமாற்று வாங்குகிறார்கள். ஒருநாள் லிஃப்ட் கயிறு அறுந்துபோகிறது. கயிறு அறுந்ததா பிரச்சினை? 1980-கள் முழுக்க மத்திய அரசு இப்படித்தான் நடந்தது. 1990-91-இல் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காடு. அரசு வரவுக்கு மேல் செலவழித்தால் அந்தச் செலவில் ஒரு பங்கு இறக்குமதியாக வெளியே போகும். அதற்கு டாலர் வேண்டும், டாலருக்குக் கடன் வேண்டும். பட்ஜெட்டில் விழுந்த ஓட்டை இப்படித்தான் செலாவணிக் கணக்கில் ஒழுக ஆரம்பித்தது.

என் மேசையில் அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இறக்குமதியாளர் எல்.சி. திறக்க வந்தால் முன்பணமாக ஒரு மார்ஜின் வாங்குவோம். 1990 அக்டோபரில் அது 50 விழுக்காடு என்று உத்தரவு வந்தது. 1991 மார்ச்சில் 133. ஏப்ரலில் 200 விழுக்காடு! ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு வாங்க இரண்டு லட்சத்தை வங்கியில் கட்டிவிட்டு உட்கார வேண்டும். கிண்டி, அம்பத்தூர் பக்கத்துச் சிறு தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பேரிங்குக்காக, ஒரு உதிரிப் பாகத்துக்காகக் கவுண்ட்டரில் மன்றாடியது நினைவிருக்கிறது. டாலரின் விலையை ஏற்றாமல் 21 ரூபாய்ச் சொச்சத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். விலை ஏறாத பொருளுக்குக் கியூ நீளும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கவுண்ட்டரில் இன்னொரு கூட்டம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் டெபாசிட்டை முடித்துப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதத்தோடு பெற்றோர்கள் வந்தார்கள். 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 95 கோடி டாலர் இப்படி வெளியேறியது. இதில் ஒரு விசித்திரம். அன்றைய எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டில் போட்ட டாலர் டாலராகவே திரும்பக் கிடைக்கும். ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் டெபாசிட்தாரருக்குக் காசு நஷ்டமில்லை. மாற்று விகித நஷ்டம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. பிறகு ஏன் ஓடினார்கள்? ரூபாய் விழும் என்று பயந்தல்ல. கொடுக்க டாலரே இருக்காதோ என்று பயந்தார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு பயத்தைப் புரிந்துகொண்டாலே செலாவணி நெருக்கடியில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

அவர்கள் பயந்ததும் நியாயம். 1991 ஜூனில் கையிருப்பு நூறு கோடி டாலர் சொச்சம். இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக் காணும். சம்ப்பில் இரண்டு நாள் தண்ணீர் இருக்கும்போது டேங்கர் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று 2019 கோடையில் ஆதம்பாக்கத்தில் இருந்த நமக்குத் தெரியும். அரசாங்கமும் காபந்து அரசாங்கம். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, மீதித் தேர்தல் தள்ளிப்போயிருந்தது. அந்த மே மாதம், பறிமுதல் செய்யப்பட்ட கடத்தல் தங்கத்தில் 20 டன் ஸ்டேட் பேங்க் வழியாக சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றிடம் போயிற்று, திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 46.91 டன், இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் 40.5 கோடி டாலருக்கு அடகு வைக்கப்பட்டது. ஒரு பத்திரிகையில் செய்தி வெளியானபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. வீட்டு நகையைச் சேட்டுக் கடையில் வைத்ததுபோல் ஜனங்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் நகை வைத்த பணத்தில் தவணை தவறாமல் கட்டப்பட்டது. ஒரு கடன்காரருக்கும் நாம் கை விரிக்கவில்லை. மானம் என்று சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகுதான் விலையைத் தொட்டார்கள். ஜூலை 1 திங்கட்கிழமை ஒரு படி, ஜூலை 3 புதன்கிழமை இன்னொரு படி. டாலர் ஏறத்தாழ 26 ரூபாய்க்கு வந்தது. (டாலர் 23 விழுக்காடு ஏறியது என்று ஒரு பத்திரிகை எழுதும், ரூபாய் 19 விழுக்காடு இறங்கியது என்று இன்னொன்று எழுதும். இரண்டும் ஒன்றேதான், எதை அடியாக வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.) முதல் படிக்கே எதிர்ப்பு கிளம்பியதால், பிரதமர் நரசிம்ம ராவ் இரண்டாவது வேண்டாம் என்று நினைத்தார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தார். அதற்குள் அறிவிப்பு போய்விட்டிருந்தது! அப்போதைய ஆளுநர் எஸ். வெங்கிடரமணனும் நம் ஊர்க்காரர்தான். வணிக அமைச்சர் ப. சிதம்பரம் அதே வாரத்தில் ஏற்றுமதி மானியத்தை எடுத்தார். டாலருக்கு நியாயமான விலை கிடைத்தபின் ஏற்றுமதியாளருக்கு மானியம் எதற்கு?

விலையை மாற்றியதோடு நின்றிருந்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். ஜூலை 24 பட்ஜெட்டில் பற்றாக்குறையை வெட்டினார்கள். பெட்ரோல், சமையல் எரிவாயு விலை ஏறியது. உர விலை 40 விழுக்காடு ஏற்றப்பட்டு, எதிர்ப்பு வந்ததும் 30 ஆனது. ஆகஸ்டில் பணவீக்கம் 17 விழுக்காட்டை நெருங்கியது. சம்பளக்காரனுக்கு அது கஷ்ட காலம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1993 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தையிடமே விட்டார்கள். 2009-இல் அதே ரிசர்வ் வங்கி ஐ.எம்.எஃப்.பிடமிருந்து 200 டன் தங்கத்தை ரொக்கம் கொடுத்து வாங்கியது.

இதையே தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் போனால் போதும். இலங்கையில் 2019 கடைசியில் புதிய அரசு வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தது. மெயின்டனன்ஸைக் குறைத்த கமிட்டி! மறு ஆண்டு கொரோனா வந்து சுற்றுலா வருமானமும் போயிற்று. அப்போதாவது விலையை விட்டிருக்கலாம். டாலரை 200 ரூபாய் அளவிலேயே மாதக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். வளைகுடாவில் உழைக்கும் இலங்கையர்கள் என்ன செய்வார்கள்? வங்கியில் 200, உண்டியலில் அதைவிடக் கூடுதல். அங்கே ஹவாலாவுக்கு உண்டியல் என்று பெயர். பணம் உண்டியல் வழியாகப் போயிற்று, வங்கிக்கு வரவேண்டிய டாலர் வராமல் போயிற்று. அப்படியிருந்தும் 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பத்திரக் கடனைச் சொன்ன தேதியில் அடைத்துப் பெருமைப்பட்டார்கள்.

மார்ச்சில் பிடி நழுவியது. இரண்டே மாதத்தில் டாலர் 360 ரூபாய். பேராதனை மருத்துவமனையில் மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகளை நிறுத்தினார்கள். காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. அதே மாதம் மன்னார் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள்; இந்த முறை போரினால் அல்ல, அரிசி விலையினால். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவிப்பு வந்தது. மே 18-இல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்தோடு முதல் கப்பல் புறப்பட்டது. ரூபாய் விழுந்ததால் அந்த ஜனங்களுக்கு இந்தக் கதி வந்தது என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியதை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டு, கையிருப்பை அதற்கே கரைத்ததால் வந்தது.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. 1993-இல் டாலர் 31 ரூபாய்ச் சொச்சம், 2023-இல் 82. முப்பது வருஷத்தில் இரண்டரை மடங்குக்குமேல். கேட்கப் பயமாக இருக்கும். கூட்டுவட்டிக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இங்கே விலைவாசி அங்கேயைவிட வேகமாக ஏறுகிறது, அந்த வித்தியாசம் டாலர் விலையில் தெரிகிறது. ரூபாய் எஃப்.டி. வட்டியும் பெரும்பாலும் டாலர் வட்டியைவிடக் கூடுதலாக இருப்பது இதற்காகத்தான். ஆகவே செலவெல்லாம் ஆதம்பாக்கத்தில் வைத்துக்கொண்டு, டாலர் ஏறுகிறதே என்று டாலரைத் துரத்த வேண்டாம். நாளை டாலர் என்ன விலை என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே எஃப்.சி.என்.ஆர். போட நினைத்தால், காலம் ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை. ஒரு வருஷத்துக்குள் முறித்தால் வட்டி கிடையாது. 1993-இல் வந்த புதிய திட்டத்தில் மாற்று விகித நஷ்டம் வங்கியுடையது, ரிசர்வ் வங்கியுடையது அல்ல. அது நல்ல மாற்றம். ரூபாயில் செலவழிக்கத்தான் அனுப்புகிறார்கள் என்றால், தேவைப்படும் மாதத்தில் தேவைப்படும் தொகையை அனுப்பச் சொல்லுங்கள். பொறுத்துப் பார்ப்பது சூதாட்டம்.

ஃபீஸ் கட்டப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முழுத் தொகையையும் ஒரே நாளில் வாங்காமல் இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள், சராசரி விலை கிடைக்கும். வங்கியில் போர்டில் போட்டிருக்கும் கார்டு ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பேரம் பேசத் தெரியாதவர்களுக்கான விலை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். மேனேஜரிடம் கேட்டு டாலருக்கு 50 பைசா குறைத்தால், 20,000 டாலருக்கு 10,000 ரூபாய் மிச்சம்.