இப்னு கல்தூன் (ரஹ்) காட்டிய நான்கு தலைமுறைகள்

  

சமுதாயங்கள் எவ்வாறு எழுகின்றன, எதனால் வீழ்கின்றன என்பதைத் தனிக் கல்வியாகவே ஆராய்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன்.

ஹிஜ்ரி 732, கி.பி. 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்தார்கள். இளமையிலேயே பெருங்கொள்ளை நோயில் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் இழந்தார்கள். ஃபெஸ், கிரனாடா, பிஜாயா அரசவைகளில் பணியாற்றினார்கள், சிறையும் கண்டார்கள். ஆட்சிகள் எழுவதையும் சரிவதையும் அருகிருந்து பார்த்த அவர்கள், 1375-இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கினார்கள். 1377-இல் ஐந்தே மாதங்களில் 'முகத்திமா'வின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார்கள்.

ஒருவனுக்கு ஒருநாள் உணவு கிடைப்பதற்கே உழுபவர், அரைப்பவர், சுடுபவர் எனப் பலர் தேவை. ஆதலின் கூடி வாழ்தல் மனிதனுக்கு இன்றியமையாதது என்றார்கள். மக்களைப் பிணைக்கும் அவ்வுணர்வை 'அஸபிய்யா' என்றழைத்தார்கள். மார்க்கம் கண்டித்த வீண் குலப்பெருமை அன்று இது. ஒருவருக்காக மற்றவர் முன்வந்து நிற்கும் ஒற்றுமையுணர்வாகும்.

இவ்வுணர்வு எவ்வாறு தேய்கின்றது? ஒரு குடும்பத்தின் சிறப்பை உருவாக்கியவர், தாம் பட்ட பாட்டை அறிவார். ஆகவே அதனைக் காப்பார். அவர் மகன் தந்தையின் உழைப்பை அருகிருந்து கற்றவர். பேரன் பழைய வழக்கத்தைப் பார்த்து நடப்பதோடு நின்றுவிடுகின்றார். நான்காமவரோ, இது உழைப்பால் வந்ததன்று, பிறப்பால் எமக்குரியது என எண்ணுகின்றார். தம்மைத் தாங்கி நிற்கும் மக்களையே இழிவாகக் கருதுகின்றார். அவர்களும் அவரைக் கைவிட்டு வேறொருவரை நாடுகின்றனர்.

ஆயினும் இது மாறாத விதியன்று. சில குடும்பங்கள் நான்குக்கு முன்னரே அழிவதும், சில ஐந்து, ஆறு தலைமுறைகள் நீடிப்பதும் உண்டென அவர்களே எழுதியுள்ளார்கள்.

அவர்கள் வாழ்வும் இதற்குச் சான்று. எகிப்தில் 1384-இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியானார்கள். அக்காலத்தில்தான் குடும்பத்தாரைச் சுமந்து வந்த கப்பல் மூழ்கியது. அத்துயரிலும் நீதியில் தளரவில்லை. சிபாரிசுக்கு இடங்கொடாமையால் எதிர்ப்பு வந்தது, பதவி பறிபோனது, பலமுறை மீண்டும் அழைக்கப்பட்டார்கள். 1406-இல் கெய்ரோவில் காழியாக இருக்கையிலேயே வஃபாத்தானார்கள். பரம்பரைப் பெருமை அவர்களுக்கும் இருந்தது. எனினும் அவர்களை இன்றும் நினைக்கச் செய்வது அவர்தம் உழைப்பே.

சகோதரர்களே! நம் முன்னோர் பொருள் சேர்த்து எழுப்பிய பள்ளிவாசலும் மதரஸாவும் வக்ஃபுச் சொத்தும் இன்று நம் கையில் உள்ளன. அவற்றுக்கு அவர்கள் கொடுத்த விலையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோமா? ஜமாஅத்தின் ஏழைகள் நம்மைத் தம்மவர் என்று கருதுகின்றனரா? நாம் எத்தனையாவது தலைமுறை என்பதை வயதன்று, இக்கேள்விகளுக்கு நாம் தரும் விடையே தீர்மானிக்கும்.

அல்லாஹ் நம்மைக் காப்பவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.